கோழிக்கு வந்த கோடு

எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார் நல்லுசாமி. காத்து பட்டு ரத்தம் உலர்ந்துபோச்சு, அதனாலதான் அப்படி வந்துச்சு, இப்படி வந்துச்சு என்று நாளைக்கு ஒருத்தன் சாக்குச் சொல்ல இடம் வைக்கக் கூடாது. சாக்குச் சொல்லப்போகிற வாய் எதுவென்றும் அவருக்குத் தெரியும். பாவாயியின் அண்ணன் மகன் தீபன். ஓசூரில் கூடப் படித்தவர்களோடு சேர்ந்து, வந்திருப்பது என்ன காய்ச்சல் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற அட்டை செய்யும் கம்பெனி வைத்திருக்கிறான். கோழிப்பண்ணையை விற்று வந்த பணத்தை அதில் பங்காகப் போடுங்க மாமா என்று ஐப்பசி பிறந்ததிலிருந்து பின்னாலேயே சுற்றுகிறான். இன்றைக்குச் சாயங்காலம் பதில் கேட்க வருகிறான். அவன் செய்த அட்டையில் ஒன்றுதான் இப்போது சாப்பாட்டு மேசை மேல் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, சீப்பு மாதிரி நீளம், ஆனால் பல் கிடையாது. அதன் ஓரத்துக் குழியில் பாவாயியின் ரத்தம் ஒரு சொட்டு, அதற்கு மேல் குட்டி பாட்டிலில் இருந்து விட்ட தண்ணி மருந்து. பாவாயி உள்ளறையில் போர்வைக்குள் கிடக்கிறாள், நாலு நாளாகக் காய்ச்சல். கால் மணி நேரம் பொறுக்க வேண்டுமாம். பொறுத்துப் பழகாதவரா அவர். குஞ்சு இறக்கி அது முட்டைக்கு வருகிற வரைக்கும் தீனியாகக் கொட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த மனுசன்தான். ஆனால் கோழி கண்ணுக்கு முன்னால் வளரும். இது என்ன செய்கிறதென்றே தெரியவில்லை. குழியில் இருந்த சிவப்பு மெல்ல மெல்லக் காகிதத்தில் ஏறுகிறது, சட்டையில் வெத்தலைச் சாறு பட்டால் ஊறுமே அதுமாதிரி. உள்ளே யார் உட்கார்ந்து அதை இழுக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் முன்னாடியே கோடு போட்டு வைத்துவிட்டு, ஈரம் பட்டால் தெரிகிற மாதிரி செய்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. சின்னப் பிள்ளைகள் எலுமிச்சம்பழச் சாற்றில் எழுதி விளக்கில் காட்டுகிற வித்தைதானே இது.

இந்த அட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னதே பாவாயிதான், அதை நினைத்தால்தான் அவருக்கு இடிக்கிறது. நேற்று போனில் தீபன் அத்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும், வீட்டில் ஒரு டப்பா கொடுத்து வைத்திருக்கிறேனே, ஒன்றைப் பிரித்துப் பாருங்க மாமா என்றான். இவர் பார்க்கலாம் என்று இழுத்தார். விடிந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். எம் பொறந்தவன் பையன் செஞ்சது, அதுல எனக்கு என்னன்னு தெரியோணும், செத்தாலும் எங்க வூட்டு அட்டையிலயே சாகறேன் என்று படுத்தபடியே விரலை நீட்டினாள். காது குத்தும்போது அழாதவள் நான், குத்துங்க என்றாள். இவர் குளித்துவிட்டு வந்து குத்தினதும், கோழிக்கு ஊசி போட்ட கை, அதான் முரட்டுத்தனம் போகலை என்று நக்கல் வேறு. காய்ச்சல்காரி இவ்வளவு பேசுவாளா. ராத்திரி நெருப்பாகக் கொதித்த உடம்பு காலையில் வியர்த்துக் குளிர்ந்து கிடக்கிறது, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், ஈரத்துணி மாதிரி இருந்தது. விட்டுப்போச்சு, எனக்கு ஒன்னுமில்ல என்கிறாள். ஒன்றுமில்லாதவளுக்கு எதற்கு அட்டை. அண்ணனும் தங்கச்சியும் தினம் போனில் பேசுகிறார்கள். இவர் கூடத்துக்கு வந்தால் பேச்சு வெங்காய விலைக்குத் தாவிவிடுகிறது. ஒரு காய்ச்சலைச் சாக்காக வைத்து, அட்டையை இவர் கையாலேயே பிரிக்க வைத்து, இவர் கண்ணாலேயே பார்க்க வைத்து, அப்புறம் நம்பாமல் எங்கே போவார் என்று கணக்குப் போட்டிருந்தால். சூடாகக் காப்பி குடித்துவிட்டுத் தொடச் சொன்னால் யார் கழுத்தும் சுடத்தான் செய்யும். ஆனால் ராத்திரி அவள் பல்லு கிட்டித்து நடுங்கியதை இவர்தானே பக்கத்தில் படுத்துக் கேட்டார். கட்டில் கால் தரையில் தட்டுகிற சத்தம். அதை யாரும் நடிக்க முடியாது. முடியாதுதான். கீழ்த்தெரு டெய்லர் சின்னராசு மகளுக்கும் இப்படித்தான் காய்ச்சல் விட்டது. காய்ச்சல் விட்ட அன்றைக்கு அவள் எழுந்து உட்கார்ந்து தயிர்ச் சோறு சாப்பிட்டாளாம். சின்னராசு நல்ல சேதி என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயங்காலமே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

முதல் கோடு வந்துவிட்டது. சி என்று இங்கிலீசில் எழுதியிருக்கிற இடத்தில், நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நிறம். இது வரத்தான் வேண்டும். சி-யில வந்துச்சுன்னா அட்டைக்கு உசுரு இருக்குதுன்னு அர்த்தம் மாமா, டி-யில வந்துச்சுன்னா மனுசனுக்கு டெங்கு இருக்குதுன்னு அர்த்தம், என்று தீபன் இதே மேசையில் உட்கார்ந்து, பாவாயி சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டு சொன்னான். தின்கிறவன் பொய் சொல்லும்போது மெல்லுகிறதை நிறுத்துவான் என்பது நல்லுசாமியின் அனுபவம். தீபன் நிறுத்தவேயில்லை. அதுவும் இவருக்குச் சரியாகப் படவில்லை, பழகிப்போனவனும் நிறுத்த மாட்டான். அவன் சொன்ன கணக்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மழை வரும், கொசு வரும், காய்ச்சல் வரும், ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரியிலும் அட்டை கேட்பார்கள். ஆர்டர் இருக்கிறது, மிசின் வாங்கத்தான் பங்குக்கு ஆள் வேண்டும், பேங்குக்காரன் வட்டியைக் கட்டுவதை விடச் சொந்தக்காரர்களுக்கு லாபத்தைக் கொடுக்கலாமே என்றான். சொந்தக்காரர்களுக்கு. பேங்குக்காரன் கொடுக்க மாட்டேன் என்றதால்தான் சொந்தக்காரர் ஞாபகம் வந்ததா. கொரோனா சமயத்தில் ஊரெல்லாம் இந்த மாதிரி அட்டைதான், கண்டவனெல்லாம் கம்பெனி வைத்தான். அது அடங்கினதும் பாதிப் பேர் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், குடோனில் தேதி முடிந்த அட்டை மலை மாதிரி கிடந்தது என்று தீபனே சொன்னான். தன் வாயாலேயே சொன்னான். நல்லவன் என்பதால் சொன்னானா, நல்லவன் என்று நினைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னானா. போகும்போது வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, மேக மூட்டமா இருக்குது, இந்த வருசம் நமக்கு நல்லாருக்கும் மாமா என்று சிரித்தான். நமக்கு. எந்த நமக்கு. அதற்கப்புறம் ஒரு வாரமாக இவரும் வானத்தைப் பார்க்கிறார், மேகம் கறுத்தால் மனசு ஒரு துள்ளு துள்ளுகிறது, அந்தத் துள்ளலைப் பிடித்துப் பார்த்தால் விவசாயிக்கு வருகிற துள்ளலாகத் தெரியவில்லை. புதிதாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆந்திராவில் கோழிக்கு நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தபோது இங்கே முட்டை விலை ஏறியது, பண்ணைக்காரர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டிக்கொண்டே பரமத்தி ரோட்டு ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டார்கள். இவரும் சாப்பிட்டார். ஆனால் அது கோழி.

கோழி என்றதும் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. உள்ளே இன்னொரு அட்டை இருக்கிறது. அதை யாருக்கும் காட்டவில்லை. பண்ணை நடத்தின காலம் முழுக்க நல்லுசாமிக்கு ஒரு வழக்கம். தீனி வியாபாரி புது மக்காச்சோளம் கொண்டுவந்தால் முட்டை நின்ற கழிவுக் கோழிக்கு முதலில் போட்டுப் பார்ப்பார். கொட்டாயில் கோழி சுணங்கினால் டாக்டர் வருகிற வரைக்கும் காத்திருக்க மாட்டார், ஒன்றைப் பிடித்து அறுத்துக் குடலில் ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். ஒன்றை அறுத்தால் மொத்தக் கொட்டாயும் தெரியும். மனுசர்களைத்தான் அறுத்துப் பார்க்க வழியில்லை, அதனால்தான் இத்தனை சந்தேகம் என்று பாவாயி ஒருமுறை சொன்னாள். அந்தப் பழக்கதோசம்தான் இன்றைக்குக் காலையிலும் இழுத்தது. பாவாயிக்குப் போடுவதற்கு முன்னால், கொல்லையில் மேய்கிற நாட்டுக்கோழியில் இன்னும் முட்டைக்கு வராத ஒரு வெடையைப் பிடித்து, கொண்டையில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டை அட்டையில் விட்டார். கோழிக்கு ஏது டெங்கு. டி-யில் கோடு வரக் கூடாது. வந்தால் அட்டை பொய். இதைவிடச் சுத்தமாக ஒருத்தனைச் சோதிக்க முடியுமா என்று அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. பார்த்தால் இரண்டு கோடு. சி-யில் ஒன்று, டி-யில் ஒன்று, மெலிசாக, ஆனால் கோடு கோடுதான். மாட்டினான் என்று தொடையில் தட்டிக்கொண்டார். இவ்வளவு நாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது கைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் தீபன் வந்து உட்கார்ந்து பணியாரத்தைக் கையில் எடுக்கும்போது இந்த அட்டையை மேசையில் வைத்து, மாப்ள, எங்க வெடைக்கி டெங்குங்கறான் உங்க ஆளு, எந்த ஆஸ்பத்திரியில சேக்கறது என்று கேட்க வேண்டும். அந்த வசனத்தைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தார். சரியான இடத்தில் நிறுத்தி, சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டது. கோழிக்குப் போட்டபோது எல்லாம் தெளிவாக இருந்தது, பாவாயிக்குப் போட்டதும் கலங்கிவிட்டது. இப்போது டி-யில் கோடு வராவிட்டால் பாவாயிக்கு ஒன்றுமில்லை, நல்லது. ஆனால் கோழிக்கே கோடு போட்ட அட்டை பாவாயிக்கு மட்டும் ஏன் போடாது. அப்படியென்றால் அட்டை ஏதோ வித்தியாசம் பார்க்கிறது என்று ஆகிறது. சரி, டி-யில் கோடு வந்தால். வந்தால் அட்டை பொய், கோழிக்குப் போட்ட மாதிரி இவளுக்கும் போட்டிருக்கிறது, பொய்யான அட்டையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, சாயங்காலம் வசனத்தைச் சொல்லி தீபனை அனுப்பிவிடலாம், பண்ணைப் பணம் பத்திரம். அப்படியென்றால் கோடு வந்தால்தான் தனக்கு நல்லது. இப்படி நினைத்தது யார். உள்ளறையில் இருமுகிற சத்தம் கேட்டது. வரட்டும், வரட்டும் என்று அட்டைக்கு மேலே குனிந்து உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவனை அந்த இருமல் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்தார். வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டார். மனசுக்குள் சொன்னது போதாதென்று உதட்டை அசைத்துச் சொன்னார். வராவிட்டால் தீபன் பிழைத்துக்கொள்வான், பிழைத்துப் போகட்டும். இல்லை, அதெப்படி. இவர் வேண்டிக்கொள்வதைப் பார்த்தா காகிதம் கோடு போடுகிறது. ரெண்டு கோடு வந்துச்சுன்னா என்னையக்கூடக் கேக்காதீங்க மாமா, நேரா நாமக்கல்லுக்குக் கூட்டிப் போயிருங்க, என்று தீபன் நேற்றுச் சொன்னான். ஒரு கோடு வந்தால் என்றதற்கு, அப்பவும் அத்தை சோர்வாவே இருந்தா கூட்டிப் போயிருங்க என்றான். வந்தாலும் போ, வராவிட்டாலும் போ. அப்ப இந்த அட்டை எதுக்குடா என்று கேட்க வந்ததை இவர் விழுங்கிக்கொண்டார். தன் சரக்கை நம்பாதே என்று சொல்கிற வியாபாரியை அவர் இத்தனை வருசத்தில் பார்த்ததில்லை. அப்படிச் சொல்கிறவன் ஒன்று பெரிய திருடனாக இருக்க வேண்டும். இல்லை என்றால், இல்லை என்றால் என்ன, அந்த இன்னொன்றை நினைத்துப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை.

கோழிதானே சாட்சி, அதைப் பிடித்துக்கொள்வோம் என்று மனசால் காலைக்குத் திரும்பிப் போனார். காலையில் அட்டையைத் துவைக்கிற கல்மேல் வைத்தார். வைத்துவிட்டு மோட்டார் போடப் போனார். மேல்தொட்டி நிறைகிற வரைக்கும் கீழேயே நின்றார், போன வாரம் வழிந்து சுவரெல்லாம் ஊறிப்போனதற்குப் பாவாயியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. தொட்டி நிறைந்தது, நிறுத்தினார். அப்புறம் பால்காரர் வந்தார், அவரோடு மாட்டுக் காப்பீடு பற்றி ஒரு பாட்டம் பேச்சு. அப்புறம்தான் கல்லுக்கு வந்தார். அப்படியானால் எப்போது பார்த்தார். தொட்டி நிறையவே எவ்வளவு நேரமாகும். கால் மணிக்கு மேல போனாப் பாக்காதீங்க மாமா, காஞ்சுபோச்சுன்னா அது பாட்டுக்குக் கோடு கிறுக்கும் என்று தீபன் அன்றைக்குச் சொன்னதும், அதைக்கூட, பார்த்தாயா தப்பிக்க முன்னாடியே வழி பண்ணி வைக்கிறான் என்று இவர் எடுத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. வெயில் வேறு கல்லில் விழுந்துகொண்டிருந்தது. இங்கே மின்விசிறியை நிறுத்தியவர் அங்கே வெயிலை நிறுத்தினாரா. அதுவும் போகட்டும், மனுசனுக்கென்று செய்ததில் கோழி ரத்தத்தை விட்டால் அது என்ன செய்யும், திக்குமுக்காடித்தான் போகும். இல்லை, இது தீபன் பேசுகிற மாதிரி இருக்கிறது, இவர் எதற்கு அவனுக்காகப் பேச வேண்டும். பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் வந்த வருசம் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் சந்தேகப்பட்டு ஒரு கோழியை அறுத்தார். குடல் பளிங்கு மாதிரி இருந்தது, ஒரு புள்ளி கிடையாது. மருந்து விற்க வந்தவன் பயம் காட்டிக் காசு பறிக்கிறான் என்று அவனை வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த வாரம் முடிவதற்குள் கொட்டாயே படுத்துவிட்டது, குழி வெட்ட ஆள் பத்தவில்லை, சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்து அழுகிறாரா எரிகிறதா என்று தெரியாமல் நின்றார். பாவாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். சொணங்கிக் கெடந்தத உட்டுப்போட்டு, கைக்குச் சிக்குனத அறுத்தீங்களாக்கும். கதவோரம் நின்ற கோழி அது. பிடிக்கச் சுலபமாக இருந்தது. இன்றைக்குக் காலையில் பிடித்த வெடையும் அரிசி போட்டால் காலடிக்கு வருகிற வெடைதான்.

அட்டையைப் பார்த்தார். டி-யில் ஒன்றும் இல்லை. இல்லைதானே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வேட்டியில் பட்ட மஞ்சள் துவைத்தபிறகும் நிழல் மாதிரி நிற்குமே, அப்படி ஒன்று. இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது, இல்லை என்று நினைத்தால் போய்விட்டது. சன்னலோரம் எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்த்தார். அந்த நிழல் போகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கால் மணி இன்னும் ஆகவில்லை, காய்ந்துபோய்க் கிறுக்கியது என்று சொல்ல முடியாது, வெயில் இல்லை, காற்று இல்லை, கோழி இல்லை. எல்லாச் சாக்கையும் அவரே ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருந்தார். அவர் பார்க்கப் பார்க்கவே அந்த நிழல் கறுத்து, ஓரம் கூடி, முதல் கோட்டுக்குத் தங்கச்சி மாதிரி நின்றது. மாட்டினான் என்று வரவேண்டிய சந்தோசத்தை நெஞ்சில் தேடினார், அந்த இடம் வெறுமையாக இருந்தது. கீழ்த்தெருவில் எங்கேயோ தையல் மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது. சின்னராசாக இருக்காது, மகள் போனபிறகு அவன் மிசினை விற்றுவிட்டான் என்று சொன்னார்கள். வேறு யாராவது.

"ஏனுங்க," என்றாள் பாவாயி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "என்ன வந்துச்சு?"

"ரெண்டு."

அவள் எட்டி அட்டையைப் பார்த்தாள். அப்புறம், "கோழிக்கு?" என்றாள்.

அவருக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

"மொகத்த அப்படி வெக்காதீங்க. காத்தால அடுப்படிச் சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். வெடையோட கொண்டையில குத்தி தீபன் அட்டையிலதான உட்டீங்க. அதுக்கு எத்தன கோடு வந்துச்சு?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கர்ப்பப்பை எடுத்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் என்றாலே அவளுக்கு ஆகாது, கையில் ஊசி குத்தி வைத்துப் பாட்டில் ஏற்றுவதை நினைத்தாலே வாந்தி வரும் என்பாள். கோழிக்கும் ரெண்டு என்று உண்மையைச் சொன்னால் போதும், அப்ப தீபன் செஞ்சது பொய்யட்டை, காச்சலும் விட்டுப்போச்சு, நான் ரசம் வச்சுக் குடிச்சுட்டுப் படுக்கறேன் என்று திரும்பிவிடுவாள். அவளை அதற்கப்புறம் யாரும் கிளப்ப முடியாது. உண்மையைச் சொன்னால் பணம் பத்திரம். சாயங்காலத்துக்கு வைத்திருந்த வசனமும் அப்படியே இருக்கிறது. அவருக்குத் தெரிந்த அத்தனை பேரும் பொய் சொல்லி அவர் பார்த்திருக்கிறார். தீனிக்காரன், மருந்துக்காரன், முட்டை லாரிக்காரன், எல்லோரும் சொல்லும்போது எங்கே பார்ப்பார்கள், கையை எங்கே வைப்பார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். சட்டைப் பைமேல் இருந்தது. கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒன்னுதான்," என்றார். "கோழிக்கு ஒன்னுதான் வந்துச்சு. மனுசனையும் கோழியையும் சரியாப் பிரிச்சுக் காட்டுது. பொடவைய மாத்து, போலாம்."

பாவாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்து, முடியைக் கோதிக் கொண்டையாக முடிந்தாள். முகத்தில் ஒரு பெருமை ஏறியது. எங்க தீபன் பொய் செய்ய மாட்டான் என்று நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் நம்பல என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டு இதைச் சொல்லியாக வேண்டும், கோழிக்குக்கூட வைத்துப் பார்த்தார், அதிலும் அட்டை தப்பாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அண்ணன் என்ன சந்தோசப்படுவான் என்றாள். தீபனை வீட்டுக்கு வர வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லிவிடலாம், அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றார் நல்லுசாமி. எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவள் உள்ளே போய் பீரோவைத் திறக்கிற சத்தம், மூச்சு வாங்க ஒருமுறை நின்ற சத்தம், போனை எடுத்து அண்ணா என்கிற சத்தம்.

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வெளியே வந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்த வெடை மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது. கொண்டையில் குத்தின இடத்தில் கடுகு மாதிரி ஒரு கறுப்பு. அவரைக் கண்டதும் சீய்ப்பதை நிறுத்திவிட்டு, அரிசி போடப்போகிறாரா பிடிக்கப்போகிறாரா என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. நல்லுசாமி பையில் இருந்த அட்டையை எடுக்கவில்லை. அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தார். வெடை இரண்டு எட்டுப் பின்னால் போனது.